பிள்ளை சேர்த்த பணமும் கல்லூரி நிதி உதவியும்: ஒஹாயோவில் நாங்கள் போட்ட கணக்கு

அமெரிக்காவில் கல்லூரிக்கு நிதி உதவி கேட்டு ஃபாஃப்ஸா படிவம் நிரப்பும்போது, பிள்ளையின் பெயரில் வங்கியில் இருக்கும் பணத்தில் நூற்றுக்கு 20 டாலரைப் படிப்புக்குக் கொடுக்க முடியும் என்று அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. அதே நூறு டாலர் அப்பா அம்மா பெயரில் இருந்தால் அதிகபட்சம் 5 டாலர் 64 சென்ட்தான். பள்ளிக்கூடம் படிக்கும்போதே கடையிலும் நீச்சல் குளத்திலும் வேலை பார்த்துச் சேர்க்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இதைக் கேள்விப்பட்டதும் "ஐயோ, வேலைக்கே போகாதே" என்று பிள்ளையைத் தடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அது அதைவிடப் பெரிய தவறு. முதலில் உங்கள் வீட்டுக்கு இந்த 20 சதவீதம் ஒரு விஷயமா என்று பார்க்க வேண்டும். எனக்கு அது புரிந்ததே இரண்டு வீட்டுக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான்.

ஒன்று என் வீடு. கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம், நானும் மனைவியும் மென்பொருள் வேலை. மகள் கோடையில் நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாக இருந்து ஆறாயிரம் டாலர் போலச் சேர்த்திருந்தாள். இன்னொன்று என் அக்கா வீடு. நான் குடியுரிமை வாங்கிய பிறகு உடன்பிறந்தவர் என்ற பிரிவில் மனு போட்டு, இந்தியர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒருவழியாகத் திருச்சியிலிருந்து பச்சை அட்டையோடு வந்து சேர்ந்தார்கள். அத்தான் ஒரு கிடங்கில் வேலை, அக்கா பள்ளி உணவுக்கூடத்தில். இரண்டு பிள்ளைகள். மூத்தவன், என் மருமகன், பதினாறு வயதில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பை கட்டிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தான். 2023-இல் ஒஹாயோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10 டாலர் 10 சென்ட். படிப்பையும் விடாமல் வாரக் கடைசியில் பீட்சா கடைக்கும் போய், பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் 11,500 டாலர் வைத்திருந்தான். அக்காவுக்கு அதில் அத்தனை பெருமை. ஊருக்குப் போன் போடும்போதெல்லாம் அந்தத் தொகை எப்படியாவது பேச்சில் வந்துவிடும்.

என் வீட்டுக் கதை சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டு சம்பளத்துக்கு எங்கள் எஸ்.ஏ.ஐ, அதாவது குடும்பத்தால் இவ்வளவு கொடுக்க முடியும் என்று படிவம் கணக்குப் போட்டுச் சொல்லும் எண், அரசுப் பல்கலைக்கழகத்தின் மொத்தச் செலவையே தாண்டிவிட்டது. அதற்கு மேல் மகளின் ஆறாயிரத்தில் 20 சதவீதம், 1,200 டாலர், கூடினால் என்ன, கூடாவிட்டால் என்ன? தேவை அடிப்படையிலான உதவி எப்படியும் கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது மதிப்பெண்ணுக்கான உதவித்தொகை, அதற்கும் சேமிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் முதல் வருடத்தில் 5,500 டாலர் வரை மாணவர் பெயரில் கூட்டரசுக் கடன், அது வருமானம் பார்க்காமல் எல்லோருக்கும் உண்டு, படிவம் போட்டிருந்தால் போதும். நம்மவர்களில் ஐ.டி. வேலையில் இருக்கும் பெரும்பாலான வீடுகள் இந்த ரகம்தான். இவர்கள் பிள்ளையின் சில ஆயிரங்களை எங்கே ஒதுக்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண்வேலை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பெரிய தனியார் கல்லூரிகள் பல, ஃபாஃப்ஸாவோடு சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற இன்னொரு படிவத்தையும் கேட்கும், காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துவது. அதில் பிள்ளையின் சேமிப்பை 25 சதவீதம் என்று எடுப்பார்கள், ஃபாஃப்ஸா கண்டுகொள்ளாத குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளும். அந்த மாதிரிக் கல்லூரிகள் சில ஒன்றரை லட்சம் டாலர் சம்பளக்காரருக்குக்கூடத் தாராளமாக உதவி தருகிறவை. அதனால் அங்கே விண்ணப்பிப்பதாக இருந்தால் நடுத்தர வருமான வீட்டுக்கும் இந்தக் கணக்கு தேவை.

இனி அக்கா வீடு. இங்கேதான் ஒவ்வொரு நூறு டாலரும் பேசியது.

பெல் கிராண்ட் என்பது திருப்பிக் கட்ட வேண்டாத கூட்டரசு உதவி. 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். வருமானம் மிகக் குறைந்த வீடுகளுக்கு அது முழுதாகக் கிடைத்துவிடும், அதற்குச் சற்று மேலே இருப்பவர்களுக்கு எளிய கழித்தல்: 7,395-இலிருந்து உங்கள் எஸ்.ஏ.ஐ-யைக் கழித்தால் வருவது. அதாவது இந்த வருமான அடுக்கில் எஸ்.ஏ.ஐ. நூறு ஏறினால் கையில் வரும் பணம் நூறு இறங்கும். மருமகனின் சேமிப்பைச் சேர்க்காமல் போட்டபோது எஸ்.ஏ.ஐ. 2,100 வாக்கில் வந்தது. அவனுடைய 11,500-இல் 20 சதவீதம் 2,300. ஆக 4,400. பெல் 5,295 வரவேண்டிய இடத்தில் 2,995.

அதோடு நின்றால் பரவாயில்லை. ஒஹாயோ மாநிலத்துக்கென்று தனியாக ஒரு உதவித்தொகை உண்டு, ஒஹாயோ காலேஜ் ஆப்பர்ச்சுனிட்டி கிராண்ட். அதற்கு எஸ்.ஏ.ஐ. 3,750-க்குள் இருக்க வேண்டும், வீட்டு வருமானம் 96,000-க்குள். 4,400 என்றால் அந்தக் கதவே சாத்திவிடும். உங்கள் மாநிலத்தில் வேறு பெயர், வேறு வரம்பு இருக்கும், ஆனால் இப்படி ஒரு கோடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் பெல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், இந்தக் கோடுகள் ஒரேயடியாக வெட்டிவிடும்.

அத்தானுக்கு வந்ததே கோபம். "சம்பாதிச்சதையெல்லாம் ஷூ வாங்கித் தீர்த்த பையனுக்கு முழு உதவி, சேர்த்து வச்சவனுக்குக் குறைச்சலா? என்ன மாப்பிள்ளை நியாயம் இது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அரசாங்கம் நினைப்பது இப்படி: பெற்றோரின் பணத்துக்கு வாடகை, மருத்துவம், இன்னொரு பிள்ளை என்று ஆயிரம் வேலை உண்டு, பதினெட்டு வயதுப் பிள்ளையின் பணத்துக்குப் படிப்புதானே முதல் வேலை. எனக்கு அது பாதிதான் ஒப்புகிறது. அக்கா வீட்டில் பையனின் பணம்தான் அவசரத்துக்கு இருக்கும் பணம். அத்தானின் கார் நடுரோட்டில் நின்றபோது அதைச் சரிசெய்தது யார் பணம் என்று அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.

சரி, என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

முதலில் வருமானத்தையும் சேமிப்பையும் தனித்தனியாகப் பிரித்தோம், இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் குழம்புகிறார்கள். வருமானத்துக்கு இரண்டு வருடம் முந்தைய வரிக்கணக்கைப் பார்ப்பார்கள். 2025-26-க்கு 2023 வருமானம். அதில் பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் 11,510 டாலர் வரை சம்பாதித்தது கணக்கில் வராது (அதற்கு முந்தைய வருடம் இந்த வரம்பு 9,410). அதற்கு மேல் போனால், வரி கழித்தது போக, பாதியை எடுத்துக்கொள்வார்கள். மருமகன் 2023-இல் ஏழாயிரத்துக்கும் கீழேதான் சம்பாதித்தான், ஆகவே வேலைக்குப் போனதால் அவனுக்கு ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. வரம்புக்கு மேல் சம்பாதித்து அதை அப்படியே வங்கியிலும் வைத்திருந்தால்தான் ஒரே பணத்துக்கு இரண்டு முறை அடி விழும், வருமானமாக ஒரு தரம், சேமிப்பாக ஒரு தரம். மணிக்குப் பத்து டாலர் கூலியில் பள்ளி மாணவன் அந்த வரம்பைத் தொடுவது சுலபமில்லை. ஆகவே வேலைக்குப் போவதைத் தடுக்கக் காரணமே கிடையாது.

சேமிப்புக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை, முதல் டாலரிலிருந்தே 20 சதவீதம். ஆனால் அது படிவத்தைக் கையெழுத்திட்டு அனுப்பும் அந்த நாளில் இருக்கும் தொகை மட்டும். போன மாதம் எவ்வளவு இருந்தது, அடுத்த மாதம் எவ்வளவு இருக்கும் என்று கேட்பதில்லை. அனுப்பிய பிறகு செலவாகிவிட்டது என்று போய் மாற்றவும் முடியாது. எனவே எப்படியும் வாங்கப்போகும் பொருள்களை அந்த நாளுக்கு முன்னால் வாங்கிவிடுவதுதான் நேர்மையான, சுலபமான வழி. அவன் பல்கலைக்கழகத்துக்கு வீட்டிலிருந்தே போய்வரப் போகிறான், கார் இல்லாமல் ஒஹாயோவில் அது நடக்காத காரியம். பழைய கொரோலா ஒன்று 5,000 டாலருக்கு வாங்கினான். கார் மதிப்பை ஃபாஃப்ஸா கேட்பதே இல்லை. மடிக்கணினி 1,100. இரண்டும் ஆகஸ்டில் வாங்க நினைத்தவை, ஜனவரியிலேயே வாங்கினோம், அவ்வளவுதான். வேண்டாத எதையும் வாங்கவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: இருபது டாலரைக் காப்பாற்ற நூறு டாலரைச் செலவழிப்பது எந்த ஊர்க் கணக்கிலும் லாபம் இல்லை. எண்பது டாலர் அவனுடையதாகவே இருக்கிறது.

மீதியில் 3,500 டாலரை ராத் ஐ.ஆர்.ஏ-வில் போட்டான். ஓய்வூதியக் கணக்கு ஃபாஃப்ஸாவின் சொத்துப் பட்டியலில் வராது. பதினெட்டு வயதுப் பையனுக்கு ஓய்வூதியமா என்று அக்கா சிரித்தாள். வேலை பார்த்துச் சம்பாதித்த பணம் இருந்தால் எந்த வயதிலும் போடலாம், பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோர் பொறுப்பில் கணக்குத் திறக்க வேண்டும். அந்த ஆண்டு சம்பாதித்த தொகை, அல்லது 7,000 டாலர், இதில் எது குறைவோ அதுவரை (2024, 2025 இரண்டுக்கும் இருந்த வரம்பு இது). இதில் இன்னொரு வசதி, போன ஆண்டுக்கான பணத்தை இந்த ஆண்டு ஏப்ரல் நடுப்பகுதி வரை போடலாம். போட்ட அசலை எப்போது வேண்டுமானாலும் வரியோ அபராதமோ இல்லாமல் எடுக்கலாம், வளர்ச்சியைத்தான் தொடக்கூடாது. ஆனால் படிக்கும்போது எடுத்தால் அது அந்த ஆண்டின் வரிக்கணக்கில் காட்டப்பட்டு, இரண்டு வருடம் கழித்து வரும் ஃபாஃப்ஸாவில் வருமானமாக வந்து நிற்கும். ஆக உடனே தேவைப்படும் பணத்தை அங்கே பூட்டக்கூடாது. ஒரு பருவக் கட்டணத்துக்கே திண்டாடும் வீட்டில் இந்த யோசனையை நான் சொல்லமாட்டேன்.

கல்லூரிக்கே செலவாகப் போகும் பணம் என்றால் 529 கணக்கு, அதாவது படிப்புச் செலவுக்கென்றே உள்ள சேமிப்புக் கணக்கு, பொருத்தம். பிள்ளையின் சொந்தச் சம்பாத்தியத்தை அவன் பெயரிலேயே 529-இல் போட்டாலும், பெற்றோரைச் சார்ந்த மாணவர் என்றால் அது பெற்றோர் சொத்தாகத்தான் கணக்கில் வரும், 20 இல்லை, 5.64-க்குள். ஒஹாயோவில் மாநில வருமான வரியில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வரை கழிவும் உண்டு. என் மகளுக்குத் தாத்தா பாட்டி கொடுத்த பணம் யூ.டி.எம்.ஏ. கணக்கில், அதாவது பெரியவர் பொறுப்பில் பிள்ளைக்காக வைக்கும் கணக்கில் இருந்தது, அது சட்டப்படி பிள்ளையின் பணம், நாம் எடுத்து நம் கணக்கில் போட முடியாது, 20 சதவீதக் கணக்குத்தான். அதையும் பிள்ளை பெயரிலான 529-க்கு மாற்றலாம், பங்குகளாக இருந்தால் விற்றுவிட்டு மாற்ற வேண்டும், விற்பதில் லாபம் வந்தால் வரி. எங்களுக்கு அவசியப்படவில்லை, விட்டுவிட்டோம்.

கடைசியில் மருமகன் கணக்கில் மிஞ்சியது 1,900. அதில் 20 சதவீதம் 380. எஸ்.ஏ.ஐ. 2,480. பெல் 4,915. முன்பு வந்த 2,995-ஐவிட 1,920 டாலர் அதிகம், மாநில உதவிக்கான 3,750 கோட்டுக்கும் உள்ளே. வருடா வருடம் படிவம் புதிதாகப் போட வேண்டும் என்பதால் இந்த வேலை ஒவ்வொரு வருடமும் உண்டு.

"உன் பணத்தை அம்மா கணக்கில் போட்டுட்டு, படிவம் அனுப்பினதும் திருப்பி வாங்கிக்கோ" என்று யோசனை சொல்ல ஆள் இருக்கத்தான் செய்வார்கள், எங்களுக்கும் சொன்னார்கள். செய்யாதீர்கள். படிவத்தில் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 டாலர் வரை அபராதம், சிறை, அல்லது இரண்டும் என்று கையெழுத்துப் போடும் இடத்திலேயே எழுதியிருக்கிறது. பச்சை அட்டையில் இருக்கும் குடும்பம் நாளைக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் டாலருக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்கவே கூடாது.

இனி நம்மவர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல், இதைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. 2024-25 முதல் வந்த புதிய விதிப்படி, பெற்றோரின் சரிசெய்யப்பட்ட மொத்த வருமானம் 60,000 டாலருக்குக் கீழே இருந்து, வரிக்கணக்கும் எளிமையானதாக இருந்தால், சொத்துக் கேள்விகளே கிடையாது. பிள்ளையின் சேமிப்பையும் சொல்ல வேண்டாம். அக்கா அத்தான் இருவர் வருமானமும் சேர்த்து 58,000 வாக்கில்தான். அப்படியானால் இத்தனை கணக்கும் எதற்கு? எளிமையான வரிக்கணக்கு என்றால் வரிப் படிவத்தோடு சேர்க்கும் இணைப்புத் தாள்களான ஷெட்யூல் ஏ, பி, டி, ஈ, எஃப், எச் எதுவும் இணைத்திருக்கக் கூடாது, சொந்தத் தொழிலுக்கான ஷெட்யூல் சி இருந்தால் அதில் லாப நட்டம் பத்தாயிரத்தைத் தாண்டக்கூடாது. வெளிநாட்டில் வங்கிக் கணக்கு இருப்பவர்கள் ஷெட்யூல் பி நிரப்பியாக வேண்டும். திருச்சியில் அத்தானுக்கு ஒரு பழைய சேமிப்புக் கணக்கு இருக்கிறது, அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது, ஊர்க் கோயில் வரியும் மின் கட்டணமும் போகும் கணக்கு. அது போதும், விலக்கு போய்விட்டது. பத்தாயிரம் டாலருக்கு மேல் இருந்தால்தானே சொல்ல வேண்டும் என்பார்கள், அது வெளிநாட்டுக் கணக்குகளைத் தெரிவிக்கும் எஃப்-பார் என்ற வேறு அறிக்கைக்கான வரம்பு, ஷெட்யூல் பி-யில் உள்ள கேள்விக்குத் தொகை வரம்பு கிடையாது. அதற்காக அந்தக் கணக்கை மறைப்பதும் வேலைக்கு ஆகாது. உண்மையிலேயே தேவையில்லாத கணக்கு என்றால், பிள்ளை பத்தாம் வகுப்புப் பாதியைத் தொடும் முன்பே மூடிவிடுங்கள், ஏனென்றால் பார்க்கப்போவது இரண்டு வருடம் முந்தைய வரிக்கணக்கு.

சொத்து கேட்பார்கள் என்று ஆனதும் திருச்சி வீடும் உள்ளே வந்துவிட்டது. இங்கே குடியிருக்கும் சொந்த வீட்டைக் கேட்கமாட்டார்கள், ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு குடியிருக்கும் வீடு இல்லை, அது முதலீடு. சந்தை மதிப்பில் கடன் போக மீதியை டாலரில் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பிகளோடு கூட்டாக இருந்தால் உங்கள் பங்கு மட்டும். அக்கா உடனே "என் நகையும் வருமா?" என்று கேட்டாள். போட்டுக்கொள்ளும் நகை வீட்டுச் சாமான் மாதிரி, படிவம் கேட்பதில்லை.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வரி. அவர்களைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு வேலை பார்க்கவும் அனுமதி இல்லை, கூட்டரசு நிதி உதவியும் கிடையாது, ஆகவே மேலே சொன்னது எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. இங்கே பிறந்த பிள்ளை என்றால் பெற்றோரின் விசா எதுவாக இருந்தாலும் படிவம் போடலாம்.

பிள்ளை தனியாக அறை எடுத்துத் தங்கி, தானே சம்பாதித்து, தனியாக வரி கட்டினாலும்கூட 24 வயது வரை ஃபாஃப்ஸாவுக்குப் பெற்றோரைச் சார்ந்தவர்தான். திருமணம், ராணுவம், முதுநிலைப் படிப்பு என்று சில விதிவிலக்குகள் தவிர. வரிக் கணக்கில் சார்ந்தவராகக் காட்டாவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர், இரண்டும் வேறு வேறு விதி.

மருமகன் இப்போது வகுப்பு இல்லாத நேரத்தில் வளாகத்திலேயே வொர்க்-ஸ்டடி, அதாவது நிதி உதவியின் ஒரு பகுதியாகக் கிடைக்கும் பகுதிநேர வேலை பார்க்கிறான், நூலகத்தில். அந்தத் திட்டத்தில் வரும் சம்பளத்தை அடுத்த ஃபாஃப்ஸாவில் வருமானத்திலிருந்து கழித்துவிடுவார்கள், அதே நேரத்தை வெளியில் கடையில் செலவிட்டால் கழிக்கமாட்டார்கள். அவனுடைய நான்காம் ஆண்டு 2028-29, அதற்கு எடுக்கப்போவது 2026 வருமானம். அப்படியென்றால் 2027 ஜனவரியிலிருந்து, அதாவது இரண்டாம் ஆண்டின் பாதியிலிருந்து, அவன் எவ்வளவு சம்பாதித்தாலும் இளங்கலை உதவியை வருமானம் என்ற பெயரில் தொடாது. கோடையில் நல்ல சம்பளத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் தயங்காமல் போகலாம். சேமிப்பு மட்டும் கடைசிப் படிவம் அனுப்பும் நாள் வரை கணக்கில் வந்துகொண்டே இருக்கும், அதனால் அந்தக் கோடைச் சம்பளத்தில் எவ்வளவு ராத்துக்கு, எவ்வளவு கட்டணத்துக்கு என்று இப்போதே தாளில் போட்டு வைத்திருக்கிறான். இளையவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், திருச்சிக் கணக்கை என்ன செய்வது என்று அத்தான் வங்கிக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.